செஞ்சிக் காரையும் கருப்பு ஆயிலும்

மண்டகப்பட்டு

விழுப்புரத்தை விட்டுச் செஞ்சிச் சாலையில் ஏறியதும் இருபுறமும் கரும்பு, நெல், நடுநடுவே மல்லாட்டைக் கொல்லைகள். பாதி வழியில் மண்டகப்பட்டு. முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து எடுத்த சின்னக் கோயில் அங்கே இருக்கிறது. முகப்பின் இரு ஓரங்களிலும் வாயிற்காவலர்கள். தூணில் ஒரு வடமொழிக் கல்வெட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை நான்கும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் இந்தக் கோயிலை எடுத்ததாக மன்னன் அதில் பெருமைப்படுகிறான்.

இல்லாததைச் சொல்லி ஒருவன் பெருமைப்படுகிறான் என்றால், ஊரெல்லாம் அதை வைத்துத்தான் கட்டிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். நான் அந்த நான்காவது பொருளைத் தேடித்தான் வந்திருந்தேன். சுதை, காரை, சாந்து. அதில் நம்மவர்கள் என்னென்ன கலந்தார்கள், இப்போது என்னென்ன கலக்கிறார்கள் என்பது கேள்வி.

கிளப்பிவிட்டவர் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் நண்பர். செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம்தான் சொந்த ஊர். அங்கே வீடு கட்டுகிறார். போனில் சொன்னார்: “மேஸ்திரி பூச்சுக் கலவையில பழைய என்ஜின் ஆயில் ஊத்துறேங்குறாருடா. ஓதம் ஏறாதாம். தண்ணித் தொட்டிக்கும் அதையே சொல்றாரு. வெளிநாட்டுல எல்லாம் பண்றாங்களாமே, நேர்ல பாத்துச் சொல்லு.” கட்டடக் கட்டுரைகள் எழுதுகிறவனுக்கு நண்பர்கள் கொடுக்கும் சம்பளம் இப்படிப்பட்ட வேலைதான்.

செஞ்சி, திண்டிவனம் சாலை

ஊர் தொடங்குவதற்கு முன்பே மலைகள் தெரிந்துவிடுகின்றன. மண்ணே இல்லாத மலைகள். யாரோ லோடு லோடாகக் கருங்கல் கொண்டுவந்து கொட்டிவிட்டுக் காசு வாங்காமல் போனதுபோல் பாறைமேல் பாறை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றி வந்த வண்டிகள் சாலையோரம் நிற்கின்றன. இந்தப் பக்கம் திண்டிவனம், அந்தப் பக்கம் திருவண்ணாமலை; நடுவில் லாரிகள் ஓயாமல் ஓடும் ஊர். ஆகவே மெக்கானிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

அப்படி ஒரு கடையில் உட்கார்ந்தேன். லாரிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக், டிரெயின் போல்ட்டைக் கடைசிச் சுற்றில் கையாலேயே கழற்றி, சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். வாயை அறுத்த பிளாஸ்டிக் கேனுக்குள் ஆயில் கயிறாக இறங்கியது. கன்னங்கரேல். ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, முகர்ந்து, “ரொம்ப ஓட்டிட்டாரு” என்றார், ஓட்டுநரைப் பார்க்காமலே. லாரிக்குப் பதினைந்து லிட்டர் சுமாருக்கு வரும். பைக்குக்கு ஒரு லிட்டர்கூடத் தேறாது.

“இது அப்புறம் எங்கண்ணா போகும்?”

“எங்க போவாது சார்? சென்டரிங் தகடுக்குக் கேட்டு வராங்க. ஹாலோ பிளாக் அச்சுக்குப் பூசுறாங்க. வேலிக் கம்பத்துக்குக் கரையான் ஏறாம அடிக்கிறாங்க. மிச்சத்தை பேரல்காரன் எடுத்துட்டுப் போயிடுவான். ஒரு சொட்டு நிக்காது.”

எங்கள் ஊரிலும் இதே கதைதான், அளவுதான் வேறு. புதுப்பேட்டைச் சந்துகளில் நடந்தால் செருப்பு தரையோடு ஒட்டும். சட்டப்படி பார்த்தால் அந்தக் கேனில் இருப்பது அபாயகரக் கழிவு. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலுக்குத் தனி இடம் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச் சேர வேண்டும். அங்கேயும் ஆயிலில் ஈயம் 100 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது, ஆர்சனிக் 5 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்று அளவுகள் இருக்கின்றன. என்ஜினுக்குள் சுற்றும்போது ஆயில் அதன் உலோகத் தேய்மானத்தையும் புகைக்கரியையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. எரிபொருள் எரிவதில் உண்டாகும் புற்றுநோய்ச் சேர்மங்களும் அதில் சேர்கின்றன. ஒரு பங்கு ஆயில் பத்து லட்சம் பங்கு நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு.

மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். அவர் கையைக் காட்டினார். நகக்கண்ணில் கருப்பு. “இருபது வருசமா இந்தக் கையாலதான் சார் சோறு திங்கறேன்” என்றார். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை.

சிங்கவரம் சாலை

நண்பரின் வீட்டு வேலை நடக்கும் இடத்துக்குச் சிங்கவரம் சாலையில் திரும்பிப் போக வேண்டும். தளம் ஒட்டுவதற்குச் சென்டரிங் அடித்து முடித்திருந்தார்கள். ஒரு சித்தாள் அம்மா பழைய துணியைக் கருப்பு ஆயிலில் நனைத்துத் தகடு தகடாகத் துடைத்துக்கொண்டே போனார். காங்கிரீட் தகட்டில் ஒட்டாமல் இருக்க இது. தமிழ்நாட்டில் இந்தக் காட்சியைப் பார்க்காத தெரு இருக்காது.

மத்தியப் பொதுப்பணித் துறையின் கட்டட விவரக்குறிப்பு இதைத் தடுத்திருக்கிறது. சோப்புக் கரைசல், ஆளிவிதை எண்ணெய் மாதிரி ஏதாவது பூசலாம். கருப்பு ஆயிலும் எரிந்த ஆயிலும் எக்காரணம் கொண்டும் ஆகாது என்பது அதன் ஏற்பாடு. காரணத்தை மேஸ்திரியே எனக்குக் காட்டினார், தெரியாமல்தான். பக்கத்து அறையில் தகடு பிரித்த கூரையை ஒரு ஆள் கொத்திக்கொண்டிருந்தார். அங்கங்கே பழுப்புக் கறை. “ஆயில் நின்ன எடத்துல பூச்சு புடிக்காது சார், அதான் கொத்தி விடுறோம்.” ஆயிலால் ஒரு வேலை மிச்சம், இன்னொரு வேலை கூடுதல்.

மதியம் அவர்களோடு உட்கார்ந்தேன். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. சென்னையில் இதே களிக்கு ‘பாரம்பரிய உணவு’ என்று பெயர் வைத்து விலையும் வைத்துவிட்டார்கள். இங்கே அது வெறும் மதியச் சோறு. களி தொண்டையில் இறங்கியதும் மேஸ்திரி விஷயத்துக்கு வந்தார். “கலவையில ஒரு மூடி ஊத்துங்க சார், கரணை வழவழன்னு ஓடும். எம்-சாண்ட் வந்ததுலேர்ந்து கலவை முரடா இருக்குது. இதை ஊத்துனா ஆத்து மணல் மாதிரி வரும்.”

அவர் சொல்வதை நாட்டுப்புற நம்பிக்கை என்று தள்ள முடியாது. பெய்ரூட்டிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பிலால் ஹமத் குழுவினர் 2003இல் இதையே ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார்கள். பழைய என்ஜின் ஆயிலைச் சிறிதளவு சேர்த்ததும் பச்சைக் காங்கிரீட் இளகி நன்றாக ஓடியது; அதற்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகளும் கூடின. கடையில் விற்கும் காற்றூட்டும் கெமிக்கல் வலுவைக் குறைத்தபோது, பழைய ஆயில் அந்த அளவுக்குக் குறைக்கவில்லை. மலேசியாவின் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். இன்னும் பின்னால் போனால் 1930களின் அமெரிக்கா. சிமெண்ட் அரைக்கும்போது மாட்டுக் கொழுப்பு சேர்த்த மூட்டைகளால் போட்ட சாலைகள் மட்டும் பனியில் வெடிக்காமல் நின்றன. ஏன் என்று தேடியபோதுதான் குமிழிகளின் அருமை தெரிந்தது. உறையும் தண்ணீர் விரிந்துகொள்ள அந்தக் குமிழிகள் இடம் கொடுக்கின்றன.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. குமிழியின் முதல் பயன் பனிக்கு. செஞ்சியில் என்றைக்குத் தண்ணீர் உறைந்தது? சித்திரையில் இங்கே பாறையில் காலை வைத்தால் தோல் உரியும். பனியே இல்லாத ஊரில் குமிழியால் மிஞ்சுவது கரணையின் வழவழப்பும் கொஞ்சம் வலுக் குறைவும். குமிழி ஒரு சதவீதம் கூடினால் காங்கிரீட்டின் வலு ஏறக்குறைய ஐந்து சதவீதம் இறங்கும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு.

இன்னொரு கணக்கையும் அங்கேயே சிமெண்ட் பை காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஆய்வுகளில் பேசப்படும் அளவு சிமெண்ட் எடையில் 0.15 சதவீதம் மாதிரி. 50 கிலோ மூட்டைக்கு 75 கிராம். ஒரு டீ கிளாஸ்கூட நிறையாது. 1000 சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை ஆகும் என்று வைத்தால், வீடு முழுக்கக் கலந்தாலும் 30 கிலோ. காலையில் பார்த்த மாதிரி இரண்டு லாரிகளின் ஆயில். கழிவைத் தீர்த்துக் கட்டுகிறோம் என்ற பேச்சுக்கு இது காணாது. மேஸ்திரியின் ‘ஒரு மூடி’ எந்தக் கேனின் மூடி என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

கல்யாண மகால்

சாயங்காலம் கோட்டைக்குள் போனேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் போர்நிலத் தலங்கள் என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். மராட்டியர் பெயரில் வந்தாலும் இது ஒருவர் கட்டிய கோட்டை அல்ல. கோனார்கள் தொடங்கினார்கள், நாயக்கர்கள் பெருக்கினார்கள், 1649இல் பீஜப்பூர், 1677இல் சிவாஜி, பிறகு மொகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால் இத்தனை பேரும் வந்துபோன விருந்தாளிகள். கோட்டை ராஜா தேசிங்குடையது. 1714இல் சண்டையில் செத்தவரைப் பற்றி நேற்றுப் பக்கத்துத் தெருவில் பார்த்ததுபோலப் பேசுகிறார்கள்.

கல்யாண மகாலின் எட்டு அடுக்குக் கோபுரத்தடியில் நின்று பார்த்தால் கல்லைவிடக் காரைதான் கண்ணில் படுகிறது. செங்கல் வளைவுகள், அதன்மேல் பூச்சு. உதிர்ந்த இடத்தில் செங்கல் சிவப்பாகத் தெரிகிறது. உதிராத இடத்தில் கை வைத்தால் குளுமை. நகத்தால் கீறினேன். நகம்தான் தேய்ந்தது.

பராமரிப்பு வேலைக்காக ஓரமாக ஒரு டிரம் வைத்திருந்தார்கள். மூடியை விலக்கினால் புளித்த நெடி. உடைத்த கடுக்காயும் வெல்லமும் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன, மேலே நுரை. பக்கத்தில் நீர்த்த சுண்ணாம்புக் குவியல். வேலை பார்த்த பெரியவர் ஒரு கடுக்காய்ச் சில்லை எடுத்து நீட்டினார். நாக்கில் வைத்தேன். வாய் முழுக்க இழுத்துக்கொண்டது.

“நல்லா ஊறணும் தம்பி. அவசரப்பட்டா காரை வெடிச்சிடும்” என்றார். அவருடைய அப்பா காலத்தில் முட்டை வெள்ளைக்கருவும் ஊற்றுவார்களாம், பெரிய வீட்டு வேலை என்றால்.

செட்டிநாட்டு வீடுகளின் பளபளப்புக்கு முட்டை. ஆங்கிலேயர்கள் வியந்து எழுதிய சென்னைச் சுண்ணப் பூச்சில் முட்டையோடு நெய்யும் தயிரும் பனைவெல்லமும். வெல்லம் காரை சீக்கிரம் இறுகாமல் வேலைக்கு நேரம் கொடுக்கிறது. புளித்த கடுக்காய்த் தண்ணீர் என்ன செய்கிறது என்று வேலூர் விஐடியில் ஆய்வாளர்கள் தனியாகவே ஆராய்ந்து வருகிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது நெய். கொழுப்பு சுண்ணாம்போடு சேர்ந்தால் சும்மா இருப்பதில்லை. வினைபுரிந்து சுண்ணாம்புச் சோப்பு ஆகிறது. நாம் குளிக்கும் சோப்பு தண்ணீரில் கரையும். இது கரையாது, தண்ணீரையும் அண்டவிடாது. இன்று கடையில் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று சிமெண்டில் கலக்க விற்கிற பவுடர்களில் பலவற்றின் சரக்கான கால்சியம் ஸ்டியரேட் இதே குடும்பம்தான். தாத்தா நெய், பேரன் பவுடர்.

என்ஜின் ஆயில் அந்தக் குடும்பத்தில் பிறக்கவில்லை. அது மண்ணெண்ணெய்க்கு உறவு. சுண்ணாம்போடு சேர்ந்து சோப்பு ஆகாது. ஆயில் கம்பெனிக்காரன் என்ஜினைச் சுத்தமாக வைக்கச் சேர்த்த சலவைப் பொருள்கள்தான் காங்கிரீட்டில் குமிழியைப் பிடித்து வைக்கின்றன. மற்றபடி ஆயில் சுவருக்குள் ஆயிலாகவே கிடக்கும். சிமெண்ட் உலோகங்களை ஓரளவு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்ச் சேர்மங்களை அவ்வளவு நன்றாகப் பிடிக்காது. மேஸ்திரியின் ‘ஒரு மூடி’யும் பெரியவரின் கடுக்காயும் ஒரே மரபின் தொடர்ச்சி என்று எண்ணிக்கொண்டுதான் சென்னையிலிருந்து கிளம்பினேன். மரபு ஒன்றுதான், சரக்கு வேறு. நம்மவர்கள் சுவரில் போட்டது எல்லாம் வாயில் போடக்கூடியது.

இதைச் சொல்லும்போது பஜ்ஜிக் கடை நினைப்பு வருகிறது. பொரித்துப் பொரித்துக் கருத்த சமையல் எண்ணெய் நெய்யின் குடும்பம். ஆளிவிதை எண்ணெய், ஆலிவ் எண்ணெய் கலந்த சுண்ணாம்புச் சாந்தை ஐரோப்பாவில் சோதித்திருக்கிறார்கள். நம் கல்லூரிகளில் யாராவது கருப்பு ஆயிலை விட்டுவிட்டு பஜ்ஜி எண்ணெயை முறையாகச் சோதிக்கலாம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி

காலையில் வெயிலுக்கு முந்தி ராஜகிரி ஏறினேன். 800 அடி. படிகள் ஒரு கணக்கில் இல்லை; சில படிக்கு முழங்கால் மார்பைத் தொடுகிறது. கமலக்கண்ணியம்மன் கோயில் தாண்டியதும் குரங்குகள் பையைச் சோதனை போடுகின்றன. உச்சிக்கு முன் பாறை பிளந்து பள்ளமாக இருக்கிறது. பாலத்தைக் கடந்தால்தான் மேல்கோட்டை. 1690 தொடங்கி எட்டு ஆண்டு மொகலாயப் படை கீழே காத்துக் கிடந்தது ஏன் என்பது அந்தப் பாலத்தில் நின்றால் புரிந்துவிடும். மேலே ரங்கநாதர் கோயில், களஞ்சியம், ஒரு பீரங்கி, காற்று.

இறங்கி வந்ததும் அடிவாரத்தில் மோர் விற்கும் ஆயா. “மேலே என்ன இருக்குது கண்ணு?” என்றார். இத்தனை காலம் இங்கேயே கடை போட்டு ஏறியதில்லையா என்றேன். “ஏறி என்னா பண்றது, கடையை யாரு பாப்பா?”

எதிரே கிருஷ்ணகிரி. ஏற்றம் அவ்வளவு இல்லை. அங்கே களஞ்சியங்களோடு, எண்ணெயும் நெய்யும் சேமித்த தொட்டி என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். காரை பூசிய கட்டுமானத் தொட்டி. முற்றுகைக் காலத்து விளக்குக்கும் சமையலுக்கும் வைத்த எண்ணெயாக இருக்கும். நெய் பட்ட சுண்ணாம்பு என்ன ஆகும் என்று முந்தின நாள் படித்த பாடத்துக்கு இது செய்முறை. உள்ளே எட்டிப் பார்த்தேன், பிளாஸ்டிக் பாட்டில்கள்.

வெங்கடரமணர் கோயிலை வேகமாகக் கடந்தேன். அங்கிருந்த தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துப் போனார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள்.

ஆரோவில்

திண்டிவனம் வழியாக இறங்கினால் மண் சிவந்துவிடுகிறது. முந்திரித் தோப்புகள், கடல்காற்று. ஆரோவிலில் 1989 முதல் மண் கட்டடக் கலையை ஆராயும் ‘எர்த் இன்ஸ்டிடியூட்’ இருக்கிறது. ஊர்ச் செம்மண்ணில் ஐந்து சதவீத அளவு சிமெண்ட் கலந்து, அழுத்திக் கல்லாக்கி, சூளையே இல்லாமல் கட்டுகிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் கூரைக்கும் அவர்கள் உருவாக்கிய நீர்காப்புப் பூச்சின் சரக்கைப் படித்ததும் செஞ்சி டிரம்மின் நெடி நினைவுக்கு வந்தது: மண், மணல், சிமெண்ட், சுண்ணாம்பு, படிகாரம், கடுக்காய்ச் சாறு. நண்பரின் தொட்டிக்கு விடை இங்கே எழுதி வைத்திருந்தது.

அங்கிருந்தே போன் போட்டேன். தொட்டியில் கருப்பு ஆயில் ஒரு சொட்டுகூட வேண்டாம். சுவர்ப் பூச்சிலும் வேண்டாம். தளத்துத் தகட்டுக்கும் அடுத்த முறை வேறு எண்ணெய் வாங்கிக் கொடு என்றேன். “அப்ப என் கடையில நிக்கிற பேரலை என்னடா பண்றது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பழைய ஆயில் கெட்டுப்போவதில்லை, அழுக்காகிறது, அவ்வளவுதான். சுத்திகரித்தால் ஒரு லிட்டரில் 600 மில்லிக்கு மேல் மீண்டும் அடிப்படை ஆயிலாகவே எடுக்கலாம். காங்கிரீட்டில் போட்டால் அது முழுக்கச் சுவருக்குள் புதைந்து போகிறது. 2024 ஏப்ரல் முதல், ஆயில் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்துவிட்டது. நடைபாதைக் கல், சாலைத் தடுப்பு மாதிரி யாரும் தொட்டுத் தின்னாத, தண்ணீர் தேக்காத பொருள்களில் கலந்து பார்க்கும் ஆராய்ச்சி நடக்கட்டும். அது ஆய்வுக்கூடத்தின் வேலை, சாரத்தில் நிற்கும் மேஸ்திரியின் வேலை அல்ல.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தளம் ஒட்டும் அன்று காலையில் போய், தகட்டில் என்ன பூசுகிறீர்கள், கலவையில் என்ன ஊற்றுகிறீர்கள் என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். கேனைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கருப்பாக இருந்தால் திருப்பி அனுப்பிவிட்டு, துடைக்கிற சித்தாளுக்கு ஒரு ஜோடி கையுறையும் வாங்கிக் கொடுங்கள். வண்டி வைத்திருப்பவர்கள் அடுத்த ஆயில் மாற்றத்தின்போது, பழையது அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போகிறதா என்று மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.